பழைய கார் கட்ட இடம்: பங்கு வீடா, கொல்லை ஷெட்டா, வாடகைக் கடையா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் ஐயா காலத்து அம்பாசடரோ ஃபியட்டோ ஏதாவது ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கும். அதைப் பிரித்து, துருப்பிடித்த தகட்டை வெட்டி, எஞ்சினை இறக்கி ஏற்றி, தன் கையாலேயே மறுபடி ஓடவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம் ஒன்றுதான்: வேலையை எங்கே வைத்துக்கொள்வது? பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பெரிய வீட்டின், அதாவது பங்கு வீட்டின், கார் கொட்டகை சும்மா கிடக்கிறது. கொல்லையில் காலி இடம் இருக்கிறது. காரைக்குடியில் ஷட்டர் போட்ட கடை வாடகைக்குக் கிடைக்கிறது.

எங்கள் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தகடு வெட்டி ஒட்டும் வேலை இருக்கிற காருக்குப் பழைய வீடு சரிப்படாது. மெக்கானிக்கல் வேலை மட்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இடையில் இருப்பதுதான் குழப்பம்.

## எதை வைத்து எடை போடுவது

தரை. கூரையைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். பார்க்க வேண்டியது தரையை. அம்பாசடர் ஏறத்தாழ 1,100 கிலோ. நாலு ஸ்டாண்டில் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) ஏற்றினால், எஞ்சின் இருக்கும் முன்பக்க ஸ்டாண்டு ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ வரை இறங்கும். ஸ்டாண்டு தரையைத் தொடுவதோ நாலு சின்ன மூலைகளில். மெல்லிய தளமாக இருந்தால் அந்த மூலை உள்ளே இறங்கும். ஒரு கால் இறங்கினால் ஸ்டாண்டு சாயும். அப்போது நீங்கள் காருக்கு அடியில் இருப்பீர்கள்.

தாங்கினால் மட்டும் போதாது, மட்டமாகவும் இருக்க வேண்டும். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடித்திருந்தால் (முக்கால்வாசி வண்டிகளில் பிடித்திருக்கும்) அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட வேண்டும். வெட்டும் நேரத்தில் நாலு ஸ்டாண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பாடி முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே ஒட்டிவிட்டால் முறுக்கு நிரந்தரமாகிவிடும். கதவு மேலே இடிக்கும், கீழே வாய் பிளக்கும்; கீலை எத்தனை தடவை திருகினாலும் சேராது. வெட்டுவதற்கு முன்பே கதவுச் சட்டத்துக்குள் ஓர் அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்கே டேக் அடித்துக்கொள்வதும் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங்), கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து நாலு மூலையும் பார்ப்பதும் கட்டாயம். துருப்பிடித்த சில்லுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காதீர்கள், நொறுங்கிவிடும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும், முன்பக்கம் கிராஸ் மெம்பரிலும் (குறுக்கே ஓடும் கனமான சட்டம்) வையுங்கள்.

நீள அகலம். கார் 14 அடிக்குக் கொஞ்சம் மேல், அகலம் ஐந்தரை அடி. கதவு முழுக்கத் திறக்க இரு பக்கமும் மூன்றடி, எஞ்சினை வெளியே எடுக்க முன்னால் ஆறடி, பின்னால் நடக்க இரண்டடி. ஆக 22 அடிக்கு 12 அடிக்குக் குறைந்தால் நெருக்கடி. கழற்றிய கதவு, பானெட், டிக்கி, சீட், கண்ணாடி எல்லாம் இன்னொரு கார் அளவுக்கு இடம் பிடிக்கும் என்பது தொடங்கும்போது யாருக்கும் உறைப்பதில்லை. 24க்கு 14 இருந்தால் நிம்மதி.

உயரம். எஞ்சினை செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) தூக்கி கிரில்லுக்கு மேலே தாண்டவிட, பீமுக்கு அடியில் 10 அடி வேண்டும். மடக்கு எஞ்சின் கிரேன் என்றால் 8 அடி போதும். ஆனால் அதன் சிறிய சக்கரங்கள் உருள வழவழப்பான தரை வேண்டும். தூண் லிஃப்ட் போடும் ஆசை இருந்தால் 12 அடி உயரமும் 6 அங்குலக் கான்கிரீட்டும் தேவை. ஒரு காருக்காக அது அதிகப்படி.

கரண்ட். 200 ஆம்பியர் வெல்டிங் மெஷின், 2 எச்.பி. கம்பிரசர், 4 அங்குல கிரைண்டர்: இந்த மூன்றும் சிங்கிள் ஃபேஸில் ஓடும், ஒரே நேரத்தில் அல்ல. கோட்டை விடுவது வயரில். வீட்டு மெயினிலிருந்து 100 அடி தூரத்துக்கு 25 ஆம்பியர் இழுத்தால், 1.5 சதுர மி.மீ. வயரில் 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 7 வோல்ட்தான் போகும். லைனின் கடைசி போஸ்டில் இருக்கிற வீடுகளில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. அங்கே கம்பிரசர் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது, கெபாசிட்டர் போகும். மெஷின் மேல் பழி போடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, ஓடும்போது பிளக் முனையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

தீயும் புகையும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும்.

சம்மதம். இடம் யாருடையது, சாவி யாரிடம், எத்தனை மாதம் கேட்பாரில்லாமல் வைத்திருக்கலாம் என்பது. வார விடுமுறையில் மட்டும் செய்தால் ஒரு முழு ரீஸ்டோரேஷன் இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக இழுக்கும். அத்தனை காலமும் அந்த இடம் உங்களுக்கே இருக்குமா?

## பங்கு வீட்டின் கார் கொட்டகை, பின்கட்டு

வாடகை இல்லை, ஆயத்தச் செலவு குறைவு, சுவர் கனம். சித்திரை வெயிலில் தகர ஷெட்டில் நிற்க முடியாத நேரத்திலும் இங்கே வேலை ஓடும். எஞ்சின் பிரிப்பு, கார்புரேட்டர், பிரேக், வயரிங் போன்ற பொறுமை வேலைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பூட்டினால் பத்திரம்.

சிக்கல் தரையில் ஆரம்பிக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் ஜாக்கி வைக்கவே கூடாது. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கிய கல். ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கனம். சின்னப் பரப்பில் 300 கிலோ இறங்கினால் நட்சத்திரம் போல விரிசல் விடும். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக் கறுத்துப்போகும். பேட்டரி ஆசிட் பட்டால் நுரைத்து மேல்தோல் போய்விடும். இத்தனையும் தெரிந்து பலகை விரித்து வேலை செய்கிறவர்களையும் மடக்குவது கிரைண்டர் பொறிதான். பொறி என்பது சூடான இரும்புத்தூள். அது கல்லிலும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தரை துடைத்தபின், அதற்கடுத்த நாள் பார்த்தால் மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். அவை தேய்த்தாலும் போவதில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுவர்ப்பூச்சை இன்றைக்கு அதே மாதிரி செய்துதர ஆள் தேடுவதற்குள் கார் வேலையே முடிந்துவிடும். இதே பொறி காரின் கண்ணாடியிலும் குழி போடும். ஈரச் சாக்கு போட்டு மூடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

கார் கொட்டகையின் தரை பெரும்பாலும் சுண்ணாம்புத் தளமோ செம்புறாங்கல்லோதான். அதற்குக் காயம் பட்டால் யாரும் அழமாட்டார்கள். ஆனால் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகச் சரித்துப் போட்டிருப்பார்கள். மட்டம் பார்க்காமல் ஸ்டாண்டு வைக்க முடியாது. தீர்வு எளிது: ஓரடிக்கு ஓரடி, 10 மி.மீ. கனத்தில் நாலு இரும்புத் தகடு. ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளை வைத்து மட்டம் ஏற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்தால் எடுத்துவிடலாம், வீட்டில் தடயம் இருக்காது. பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இது பெரிய விஷயம்.

சுவரில் ஆணி, ரால் பிளக் எதுவும் கனம் தாங்காது. சுண்ணாம்புக் காரை பொடிந்து வரும். ஷெல்ஃபைத் தரையில் நிற்கும்படி வாங்குங்கள். மேலே ஓடும் பர்மாத் தேக்கு உத்தரத்தைப் பார்த்ததும் செயின் பிளாக்கை அதில் மாட்டத் தோன்றும். அது மேல்தளத்தின் கனத்தைப் பரவலாகத் தாங்க வைத்தது. நடுவில் ஒரே புள்ளியில் தொங்கும் எஞ்சினுக்காக அல்ல. சுவருக்குள் இருக்கும் முனையைக் கரையான் தின்றிருந்தாலும் வெளியே தெரியாது. மடக்கு கிரேனை வாங்கிக்கொண்டு, அதற்கு 18 மி.மீ. பிளைவுட்டில் பாதை போடுங்கள்.

வாசலையும் அளந்து பாருங்கள். கொட்டகை தெரு மட்டத்திலிருந்து ஓரடி உயரம் என்றால், எட்டடி நீளச் சரிவு வேண்டும். அந்தச் சரிவிலும் ஓடாத அம்பாசடரை ஏற்ற 150 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கும். நாலு ஆள், கூடவே சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட்டுக்கொண்டே வர ஐந்தாவது ஆள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, சம்மதம். வீட்டில் முன்னோருக்குப் படைப்பு வரும், கல்யாணம் வரும், அறுபதுக்குச் சாந்தி வரும். இருபது வீட்டுப் பங்காளிகளும் ஊருக்கு வரும் அன்று கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுக்கச் சொன்னால், சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கும் பாடியை எங்கே கொண்டுபோவது? வீட்டை ஷூட்டிங்குக்கு விடுகிற குடும்பம் என்றால் இந்த நெருக்கடி வருடத்தில் பல முறை. பாடியைப் பிரிக்க முடிவு செய்த அன்றே அதற்கு ஒரு தள்ளுவண்டிச் சட்டம் செய்துவிடுங்கள்: 2 அங்குலச் சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், ஒவ்வொன்றும் 300 கிலோ தாங்கும் 6 அங்குல காஸ்டர் சக்கரம் நாலு, அதில் குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக. காஸ்டர் சின்னதாக இருந்தால் வாசற்படியின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று, விளக்கு. அந்தி நேரத்தில் உள்ளே விளக்கேற்றும் வீடு அது. கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றுவதும் கார்புரேட்டர் கழுவுவதும் திறந்த வெளியில்தான். டேங்க்கைக் காலி செய்து, மூடி திறந்து, வெட்டவெளியில் வையுங்கள். காலி டேங்க் பாதுகாப்பானது என்று நம்பி அதில் வெல்டிங் வைக்கக் கூடாது. ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

## கொல்லையில் புது ஷெட்

முதல் செலவு மூன்றிலும் இங்கேதான் அதிகம். ஆனால் உங்களுக்கு வேண்டிய தரையை நீங்களே போடலாம் என்பதால், துரு வெட்டும் வேலைக்கு இதுதான் சரி.

தரைக் கணக்கு: 24க்கு 14 அடி, 5 அங்குலக் கனம். 140 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 4 கன மீட்டர் கான்கிரீட். எம்20 கலவைக்கு (1 பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல், 3 ஜல்லி) 32 மூட்டை சிமெண்ட், எம்.சாண்ட் 60 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 120 கன அடி. செம்மண் தானே இறுகும் என்று சொல்லி நேராக அதன் மேலே ஊற்றுவார்கள், விடாதீர்கள். ஆறு அங்குலம் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, கையடி மெஷின் வைத்து இறுக்கியபிறகே கான்கிரீட். 8 மி.மீ. கம்பியை அரை அடிக்கு ஒன்றாகக் கட்டி, கவர் பிளாக் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். தரையோடு படுத்துக்கிடக்கும் கம்பியால் பயன் இல்லை. ஏழு நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும், 28 நாளுக்கு முன் காரை ஏற்ற வேண்டாம். முன்பக்க வாசல் நோக்கி மட்டும் லேசான சரிவு. ஸ்டாண்டு நிற்கும் நடு 14 அடியை மட்டமாக வைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் பழக்கத்தில் எல்லாப் பக்கமும் சரித்துவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

குழி வெட்டலாமா என்று கேட்பார்கள். லாரிப் பட்டறைகளில் பார்த்த பழக்கம். வீட்டு ஷெட்டில் வேண்டாம். பெட்ரோல் ஆவி போய்த் தேங்குகிற இடம் அதுதான். மழையில் தண்ணீர் ஊறும். மூடியிருக்கும் பலகை மேல் ஒருநாள் ஜாக்கி ஏறும். 3 டன் ட்ராலி ஜாக்கும் நாலு ஸ்டாண்டும் போதும்.

கூரைக்கு 14 அடி அகலத்தில் எட்டடிக்கு ஒன்றாக நாலு ஃபிரேம். தூண் 3 அங்குலச் சதுரக் குழாய், ஓரத்தில் 11 அடி உயரம். ஷீட் 0.47 மி.மீ. கலர் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் மலிவு என்று போகாதீர்கள். அதை அறுக்கிற தூசி நுரையீரலுக்குக் கேடு. செயின் பிளாக்கைக் கூரை டிரஸ்ஸில் தொங்கவிடும் தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்கென்று தனியாக இரண்டு தூண், மேலே 12 அடி நீளத்தில் ஐ வடிவ இரும்பு பீம் (ஐ.எஸ்.எம்.பி. 150) ஒன்று வைத்தால் அரை டன் சங்கடமில்லாமல் தூக்கும்; அம்பாசடர் எஞ்சின், கியர்பாக்ஸ் சேர்த்தே அதற்குள் அடங்கும்.

எந்தப் பக்கம் வாசல்? வடக்கு பார்த்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். வடக்கு வாசல் வைத்து மூன்றடி சரிவுக் கூரையை நீட்டிவிடுவது எங்கள் சிபாரிசு. மேற்கு வேண்டவே வேண்டாம்.

கொல்லையில் இடம் குறிக்கும் முன் ஒரு மழைநாளில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வளவில் (வீட்டின் முற்றம்) விழும் மழையை வெளியே எடுத்து ஊருணிக்கு அனுப்பும் வரத்துக் கால் இந்த ஊர்களில் தலைமுறைக்கு முன்பே கணக்குப் பார்த்து வைத்தது. இப்போது புல் மூடித் தெரியாமல் கிடக்கும். அதன் மேல் ஷெட் போட்டால் முதல் பெருமழையில் ஷெட்டுக்குள்ளும் தண்ணீர், அண்டை வீட்டுக்குள்ளும் தண்ணீர். தரையைச் சுற்றுமட்டத்துக்கு ஓரடி மேலே தூக்குங்கள். ரெக்கவரி வண்டி உள்ளே வரப் பாதை எட்டடியாவது இருக்க வேண்டும். கிணற்றடியை ஒட்டி எண்ணெய் வேலை வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகள்: கட்ட அனுமதியும் வீட்டு வரியும், கூட்டுப் பட்டா என்றால் எல்லோர் கையெழுத்தும். மெயினிலிருந்து 4 சதுர மி.மீ. ஆர்மர்டு கேபிளைக் குழி தோண்டிப் பதிப்பது, ஷெட்டுக்கென்று தனி எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. வெயில் இன்னொரு செலவு. தகரத்துக்குக் கீழே சித்திரை வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் வேலை ஓடாது. பட்டி பூசினால் கையில் இருக்கும்போதே இறுகும். இறுகுகிறதே என்று, அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரை ஒரேயடியாகக் குறைத்தால் உள்ளே காயாமல் பின்னால் பெயின்டோடு உரியும். சின்னச் சின்ன உருண்டையாகக் கலந்து, காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடிப்பதுதான் வழி.

மழைக்காலத்தில் நேர்மாறு. துருவையே ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அதற்காகத் துரு மரியாதை காட்டுவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் தகட்டை ஐப்பசியில் இரண்டு நாள் விட்டால் ஆரஞ்சுப் படலம் வந்திருக்கும். விடியற்காலையில் ஷீட்டின் அடியிலிருந்து பனித்துளி சொட்டும். தேய்த்த தகட்டுக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர்; சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதை நம்பி மாதக்கணக்கில் விடக்கூடாது. கம்பிரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தினமும் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

எலி, பாம்பு, கரையான் மூன்றும் விருந்தாளிகள். கதவுக்கடி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சீட்டையும் வயரிங்கையும் ஷெட்டில் வைக்காமல் வீட்டு மாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

## காரைக்குடியில் வாடகைக் கடை

லேத், டிங்கர், ரேடியேட்டர் காரர், ஸ்பிரிங் கடை, வெல்டிங் ராடு விற்கும் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிலிருந்து பார்சலில் வரும் சாமானையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரு போல்ட் முறிந்துவிட்டால், கிராமத்து ஷெட்டில் அன்றைய வேலை போச்சு. இங்கே அரை மணியில் லேத்காரர் எடுத்துத் தந்துவிடுவார். முதல் காரைக் கட்டுகிறவருக்கு இந்த நெருக்கம் பெரிய பலம். அடிக்கடி கேட்க வேண்டியிருக்கும்.

கடையைப் பார்க்கப் போகும்போது சுத்தியலோடு போங்கள். தரையை நெடுகத் தட்டிக்கொண்டு போனால் பொள்ளல் சத்தம் கேட்கிற இடம் தெரியும். மெல்லிய காரைக்கு மேல் டைல் ஒட்டியிருந்தால் ஜாக்கி தாங்காது. ஷட்டர் ஒன்பது பத்தடி இருக்கும், பிரச்சினை இல்லை. கடைகள் குட்டையாக இருப்பதுதான் தொல்லை: 20 அடி நீளக் கடையில் அம்பாசடரை நிறுத்தினால் எஞ்சினை எடுக்க முன்னால் இடம் இல்லை, பின்பக்கமாகத் தள்ளி பானெட்டை ஷட்டர் பக்கம் வைக்க வேண்டும். பின்சுவரில் ஜன்னல் இல்லாத கடையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே எஞ்சின் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லாமல் ஆளை வீழ்த்தும்.

ஷட்டரைத் திறந்து வைத்தாலோ, பஞ்சர் பார்ப்பீர்களா என்று ஒருவர் வருவார். அப்புறம் இன்னொருவர். ஊர்க்காரர் பாதிப் பேர் நின்று பார்த்து யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். சிலருக்கு அது பிடிக்கும்.

செலவுக் கணக்கை இப்படிப் போடுங்கள்: மாத வாடகையை 30 ஆல் பெருக்குங்கள், இரண்டரை வருடம். அதோடு அந்தக் காலம் முழுக்க முடங்கிக் கிடக்கும் அட்வான்ஸ். வணிகக் கட்டண மீட்டர்; வீட்டு மீட்டரின் இலவச 100 யூனிட் இங்கே கிடையாது. இந்தக் கூட்டுத்தொகை கொல்லை ஷெட்டின் கொட்டேஷனை நெருங்கினால் கடை வேண்டாம். சாமான் வரக் காத்திருக்கும் மாதத்துக்கும் வாடகை ஓடும் என்பதை மறக்காதீர்கள். ஒப்பந்தம் 11 மாதம் என்று எழுதுவார்கள். புதுப்பிக்கும் தேதியில் கார் நூறு துண்டாகக் கிடந்தால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. வெல்டிங், பெட்ரோல் வேலைக்கு ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் கடை ஜவுளி என்றால் தின்னர் வாடைக்கே சண்டை வரும்.

## ஒரே பார்வையில்

| | பங்கு வீட்டுக் கொட்டகை | கொல்லை ஷெட் | வாடகைக் கடை |
|---|---|---|---|
| தரை | மட்டம் இருக்காது. தகடு வைத்துச் சரிக்கட்டலாம் | நினைத்தபடி போடலாம் | தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும் |
| எஞ்சின் தூக்க | மடக்கு கிரேன் மட்டும் | தனி பீமில் செயின் பிளாக் | மடக்கு கிரேன் |
| வெட்டு, வெல்டிங் | கூடாது | தாராளமாக | ஓனர் எழுதித் தந்தால் |
| கோடைப் பகல் | வேலை ஓடும் | காலை மட்டும் | ஃபேன் போட்டால் ஓடும் |
| மழைக்காலம் | பரவாயில்லை | பனித்துளி, துரு | பரவாயில்லை |
| முதல் செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | அட்வான்ஸ் |
| ஓடும் செலவு | இல்லை | கொஞ்சம் | மாதாமாதம் |
| லேத், டிங்கர் உதவி | தூரம் | தூரம் | பக்கத்திலேயே |
| காலி பண்ணச் சொல்வது | படைப்பு, கல்யாணம், ஷூட்டிங் | யாரும் இல்லை | 11 மாதத்துக்கு ஒரு முறை |

## யாருக்கு எது

பாடி திடமாக, சில் நல்ல நிலையில், எஞ்சினும் பிரேக்கும் மட்டும் பார்க்க வேண்டிய வண்டி என்றால் கொட்டகையே போதும். இது தெரிய ஒரு சோதனை: ஒரு திருப்புளியின் பிடியால் சில்லையும் ஃபுளோரையும் அழுத்தமாகத் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்று கேட்டால் தகடு இருக்கிறது. பொத்தென்று அமுங்கினால் பெயின்டும் பட்டியும்தான் இருக்கிறது. மூன்று இடத்துக்கு மேல் அமுங்கினால் ஷெட்டைப் பற்றி யோசியுங்கள்.

ஊரிலேயே குடியிருந்து, கொல்லை சொந்தப் பெயரில் இருந்து, இந்தக் காருக்கு அப்புறம் இன்னொன்றும் வரும் என்று மனசுக்குத் தெரிந்தால் ஷெட். ஒரே காருக்காக ஷெட் போடுகிறவர்கள் கடைசியில் அதில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள்.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வருகிறவருக்குக் கடை வேண்டாம். வாடகை ஓடும், வேலை ஓடாது. கொட்டகையில் மெக்கானிக்கல் வேலையை வைத்துக்கொண்டு பாடி வேலையை மொத்தமாக வெளியே கொடுத்துவிடலாம். காரைக்குடியிலேயே குடியிருந்து, கொல்லையும் இல்லாமல், ஒன்றரை வருடத்துக்குள் முடிக்கும் உறுதி உள்ளவருக்குக் கடை.

இரண்டையும் கலப்பதும் உண்டு. கொட்டகையில் எஞ்சின், வயரிங்; கொல்லையில் கூரை இல்லாமல் 16க்கு 10 அடித் தளம் மட்டும் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, தை முதல் பங்குனி வரை துரு வெட்டி வெல்டிங். அடுத்த மழைக்கு முன் பாடி பிரைமரோடு கொட்டகைக்குள் போய்விட வேண்டும். கூரைக் காசு மிச்சம். ஷெட்டின் முக்கியமான பாதி, அதாவது தரை, கையில் வந்துவிடும்.

## காசை இறக்கும் முன்

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஐயா பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயர்மாற்றம் முதலில். வண்டி முடிந்தபிறகு பங்காளிகளிடம் கையெழுத்துக் கேட்டால் வண்டிக்கு அப்போது விலை கூடியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. எஞ்சின் மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். குழாயில் சேஸிஸ் கட்டிப் புது வடிவத்தில் கார் செய்தால் அது ரோட்டுக்கு வராது. 50 வருடம் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வடிவத்தில் கை வைத்தால் அந்த வழி அடைபடும்.

ஸ்பானர் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம்: பழைய அம்பாசடருக்கு அங்குல அளவு (7/16, 1/2, 9/16), பத்மினிக்கு (ஃபியட்டின் பிந்தைய பெயர்) மில்லிமீட்டர். இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடர் என்றால் இரண்டு செட்டும் வேண்டும்.

கடைசிப் பெயின்டை மூன்று இடத்திலும் அடிக்காதீர்கள். செம்மண் தூசி ஈரப் பெயின்டில் உட்காரும். அதைவிட முக்கியம், 2கே பெயின்டின் (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதற்குத் தடையே இல்லை. வெளிக்காற்றைக் குழாயில் எடுத்துத் தரும் மாஸ்க் இல்லாமல் ஸ்பிரே கன்னைத் தொடக்கூடாது. பிரைமர் அடித்து, தேய்த்து, கதவு இடைவெளி எல்லாம் சரிபார்த்த பாடியைத் தள்ளுவண்டிச் சட்டத்தோடு சேர்த்து பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) வைத்திருக்கும் பெயின்டரிடம் ஏற்றி அனுப்புங்கள். ஏற்றும்போது காஸ்டர் சக்கரத்தைப் பூட்டினால் மட்டும் போதாது; சட்டத்தையே லாரித் தளத்தோடு நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், பாடிக்கு மேலே கயிறு போட விடாதீர்கள்.